இருபத்தொரு வளைவுகளின் அடிவாரத்தில்

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிரான்ஸ் நாட்டில் வசிக்கும் என் தங்கையிடம் சென்றிருந்தேன். திரும்பி வந்தபின் என்னைச் சந்தித்தவர்கள் எல்லோரும் ஈபிள் கோபுரத்தைப் பற்றித்தான் விசாரித்தார்கள். அதையும் பார்த்தேன், படமும் எடுத்தேன். ஆனால் என் மனதில் நிற்பது மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்னப் பட்டணம். அதன் பெயர் பூர் துவாசான். சுமார் மூவாயிரம் பேர் மட்டுமே வாழும் ஊர். எங்கள் ஊர்களில் பலவற்றில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் கோடை காலத்தில் உலகத்தின் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் இந்த ஊருக்கு வருகிறார்கள். வருபவர்களிற் பெரும்பாலானோர் சைக்கிள் ஓடுவதற்காகவே வருகிறார்கள்.

அங்கே போவது என் தெரிவல்ல. தங்கையின் மகள் கேட்டது. பெண்களுக்கான பிரான்ஸ் சைக்கிள் சுற்றுப்போட்டியின் கடைசி நாள் ஓட்டம் அந்த வருடம் ஓகஸ்ட் 18ஆம் திகதி அந்த ஊரைக் கடந்து மலையுச்சிக்குப் போகிறது, அதைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை நின்றாள். தங்கை வேலைத்தலத்தில் நாலு நாள் லீவு கேட்டு வாங்கினாள். "அக்கா, நீங்களும் வாங்கோ. மலைக்காத்து உடம்புக்கு நல்லது" என்றாள். சைக்கிள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஒரு சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சம்மதித்தேன்.

பாரிசிலிருந்து கிரெநோபிள் நகரத்துக்குக் கடுகதிப் புகையிரதத்தில் சுமார் மூன்று மணித்தியாலம். அங்கிருந்து பஸ்ஸில் ஏறினோம். ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தூரம். முதலில் அகலமாக இருந்த பள்ளத்தாக்கு போகப் போக ஒடுங்கிவிட்டது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ரொமான்ஷ் என்ற ஆறு, நடுவிலே தெரு. மலையிலிருந்து விழும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் பழைய நிலையங்கள் ஆற்றோரத்தில் தென்பட்டன. வானம் ஒரு துண்டுத் துணி போலத்தான் மேலே தெரிந்தது. எனக்கு மூச்சு முட்டியது. திடீரென்று பஸ் ஒரு வெளிக்கு வந்தது. வயல்வெளி போலத் தட்டையான நிலம். சுற்றிவர மலைகள். அந்தத் தட்டையான தரையின் ஓரத்தில், மலைச் சுவருக்குக் கீழே ஊர் இருந்தது.

இவ்வளவு பெரிய மலைகளுக்கு நடுவில் தரை எப்படி இப்படி மேசை போல இருக்கிறது என்று தங்கையின் மகளைக் கேட்டேன். அவள் தேடிப் பார்த்துச் சொன்ன கதை எனக்கு அன்றிரவு நித்திரை வராமற் செய்தது.

ஏரியின் அடியில் ஓர் ஊர்

1191ஆம் ஆண்டில் இந்த ஊருக்குக் கீழே, நாங்கள் பஸ்ஸில் வந்த அந்த ஒடுங்கிய இடத்தில், மலையிலிருந்து கல்லும் மண்ணும் சரிந்து விழுந்து ஆற்றை மறித்துவிட்டன. ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் பள்ளத்தாக்கு முழுவதும் நிரம்பி ஏரியாகியது. தோட்டம், துரவு எல்லாம் தண்ணீருக்குள் போயின. ஊர் ஏரிக்கரை ஊரானது. அதற்குப் பெயரும் 'ஏரிக்கரைச் சென் லொரான்' என்ற பொருள்பட மாறியது. சனங்கள் என்ன செய்வார்கள்? பழகிக்கொண்டார்கள். இருபத்தெட்டு வருடம் அந்த ஏரி இருந்தது. அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

1219ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி இரவு அந்த மண் அணை உடைந்தது. ஏரித் தண்ணீர் முழுவதும் ஒரேயடியாகப் பள்ளத்தாக்கு வழியே இறங்கிக் கிரெநோபிள் நகரத்தை அடித்துக்கொண்டு போனது. ஆற்றுக்கு மேலிருந்த பாலம் போயிற்று. பெருந்தொகையான சனங்கள் இறந்தார்கள். ஏரி வடிந்த இடத்தில் அது கொண்டுவந்து படிய வைத்த வண்டல் மண் மிஞ்சியது. நான் வயல்வெளி என்று நினைத்த தரை அந்த ஏரியின் அடிதான்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு தண்ணீர் என்றால் எங்களுக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எண்ணூறு வருடத்துக்கு முன்னர் நடந்த கதைதான். ஆனாலும் நான் கட்டிலில் படுத்தபடி, இந்தச் சுவர்களுக்கு மேலே எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அது பழங்கதை மட்டுமில்லை. நாங்கள் போவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பு, 2024 ஜூன் 21ஆம் திகதி, அந்த ஊருக்கு மேலே வெனெயோன் பள்ளத்தாக்கின் அந்தத்தில் உள்ள லா பெரார்ட் என்ற சிற்றூரை மலையாறு பெருகிக் கல்லாலும் சேற்றாலும் மூடிவிட்டது. அங்கிருந்தவர்களை ஹெலிகொப்டரில் ஏற்றி இறக்கினார்கள். மலையேறுபவர்களுக்குப் பேர்போன இடமாம். சனிக்கிழமைச் சந்தையில் பாற்கட்டி விற்ற ஒரு பெண் அதைப் பற்றித் தங்கையிடம் சொல்லிக்கொண்டே கத்தியால் வெட்டி நிறுத்தாள். அவளுடைய சொந்தக்காரரின் வீடும் அங்கே இருந்ததாம். "திரும்பப் போவினமோ?" என்று கேட்கச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கினாள். அந்தக் குலுக்கலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பெண்கள் காத்த வீடுகள்

சனிக்கிழமைகளில் ஊரின் தெருக்களில் சந்தை கூடும். பாற்கட்டி, தேன், உலர்த்திய இறைச்சி, பீச் பழம், கூடைகள். ஒவ்வொரு மூலையிலும் சைக்கிள் கடை. சுவர்களிலும் பழைய சைக்கிள்களை அலங்காரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஊருக்குப் பின்னால் எழும் பாறைச் சுவரில் கல் அடுக்குகள் மடிந்து மடிந்து கிடக்கின்றன. மடித்து வைத்த சேலையைக் கையால் கசக்கிவிட்டது போல இருந்தது. இந்தப் பகுதியின் கற்களையும் பளிங்குகளையும் சேர்த்து வைத்த ஒரு நூதனசாலையும் ஊரில் உண்டு.

இந்த மலைப்பகுதியின் முழுப்பெயர் உவாசான். பழைய காலத்தில் இங்கே குளிர்காலம் வந்தால் வயலில் வேலை இருக்காது. மலையூர்களிலிருந்த ஆண்களிற் பலர் முதுகில் பெட்டியைச் சுமந்துகொண்டு வியாபாரத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். துணி, ஊசி, நூல், மூக்குக்கண்ணாடி, மருந்துச் சரக்கு என்று கிடைத்ததை விற்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் சிலர் பூச்செடி விதைகளும் கிழங்குகளும் விற்கத் தொடங்கினார்கள். இந்தப் பூ மலரும் என்று காட்டுவதற்கு வர்ணப் படங்களையும் கொண்டுபோனார்கள். வெனோஸ்க் போன்ற ஊர்களிலிருந்து கப்பலேறி அமெரிக்கக் கண்டம் வரைக்கும் போன பூ வியாபாரிகள் இருந்திருக்கிறார்கள். லொரான்ஸ் ஃபொன்தேன் என்ற பெண் வரலாற்றாசிரியர் இவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

ஆண்கள் போனபின் வீட்டில் யார் இருந்தார்கள்? பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் மாடுகளும். பனி மூடிய மாதங்களில் மாட்டுத் தொழுவத்தின் சூட்டில்தான் குடும்பங்கள் படுத்து எழும்பின. மேற்பள்ளத்தாக்கில் விறகுக்கு மரம் கிடையாது. ஆகவே சாணத்தைக் காயவைத்து எரித்தார்கள். வரட்டி தட்டிய கைகள் அங்கேயும் இருந்திருக்கின்றன என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விறகு பஞ்சத்தால், வில்லார் தாரென் என்ற ஊரில் வருடத்தில் ஒருமுறை, கார்த்திகை மாதமளவில், ஊரெல்லாம் சேர்ந்து பொது அடுப்பில் பாண் சுடுவார்களாம். கொதிநீர் விட்டுக் குழைத்த றை மாவுப் பாண். அதை மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவார்கள். அந்த வழக்கத்தை ஊரார் இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

வியாபாரத்துக்குப் போனவர்கள் வசந்தத்தில் திரும்பி வருவார்கள். தூரதேசம் போனவர்களிற் சிலர் வரவேயில்லை. அந்தப் பெண்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. குளிர்காலம் முழுவதும் வீட்டையும் மாட்டையும் பிள்ளைகளையும் அவர்கள் காத்துக் கொடுத்ததால்தான் வசந்தத்தில் திரும்பி வருவதற்கு ஊர் என்று ஒன்று இருந்தது. இதை வாசிக்கும் உங்களிற் பலருக்கு இதன் கருத்து என்னைவிட நன்றாகத் தெரியும்.

மலைக்குப் போகும் தெரு

ஊரைவிட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் ஒரு தெரு மலைமேல் ஏறுகிறது. உச்சியில் இருப்பது அல்ப் டுயெஸ் என்னும் இடம். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாடுவார்கள். அடிவாரத்திலிருந்து 13.8 கிலோமீற்றர் தூரம். சராசரிச் சாய்வு நூற்றுக்கு எட்டுக்கு மேல். அதாவது நூறு மீற்றர் போனால் எட்டு மீற்றர் உயர வேண்டும். தொடக்கத்தில் இதிலும் செங்குத்து. மொத்தமாக ஆயிரத்து நூறு மீற்றர் அளவு ஏற்றம். நல்லூர்க் கோபுரத்தையே நிமிர்ந்து பார்த்துப் பழகிய யாழ்ப்பாணத்துக் கழுத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

அந்தத் தெருவில் கொண்டை ஊசி போன்ற 21 வளைவுகள். கீழிருந்து மேலே 21, 20, 19 என்று இறங்குவரிசையில் இலக்கமிட்டிருக்கிறார்கள். ஏறிக் களைத்தவருக்கு இன்னும் எத்தனை மிச்சம் என்று தெரியட்டும் என்ற எண்ணம் போலும். 1952இல் ஆண்களின் பிரான்ஸ் சுற்றுப்போட்டி முதன்முதலாக இங்கே ஏறியது. இத்தாலி நாட்டின் பவுஸ்தோ கொப்பி வென்றார். அதன்பின் இருபத்துநான்கு வருடம் கழித்து, 1976இல்தான் போட்டி மறுபடி வந்தது. ஒல்லாந்தரான ஜூப் சூட்டமெல்க் வென்றார். 1976க்கும் 1989க்கும் இடையில் ஒல்லாந்தர் எட்டுத் தடவை வென்றபடியால் இதை 'ஒல்லாந்தர் மலை' என்றே சொல்வார்கள். மலையே இல்லாத நாட்டுக்காரருக்கு ஒரு மலை! வென்றவர்களின் பெயர்களை வளைவுகளில் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஒல்லாந்தர்கள் இன்னொரு காரியமும் செய்கிறார்கள். 2006ஆம் ஆண்டு தொடங்கி, ஜூன் மாதத்தில் ஒரு நாள், புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் நோயாளருக்கும் பணம் சேர்ப்பதற்காக இந்த மலையை ஒரே நாளில் ஆறு தடவை வரை ஏறுகிறார்கள். எல்லோரும் ஆறு தடவை ஏறுவதில்லை. ஒருமுறை ஏறுபவர்களும் உண்டு, நடந்து ஏறுபவர்களும் உண்டு. இறந்துபோன தாய், கணவன், பிள்ளை என்று யாரையாவது நினைத்து ஏறுவார்கள். அவர்களுக்காக வளைவுகளில் மெழுகுதிரி கொளுத்தி வைப்பார்களாம். இதைத் தங்கையின் மகள் சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை.

என்னுடைய பொய்

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிள்தான் எங்களுக்குக் கார், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். விறகு, மண்ணெண்ணெய், நோயாளி, பிரசவத்துக்குப் போகும் பெண் எல்லாம் அதில்தான். மின்சாரம் இல்லாத இரவுகளில் சில்லைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தைவிட்டு வெளிக்கிட்டபோது என்னுடைய லுமாலா சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகளைத் தொங்கவிட்டு உருட்டிக்கொண்டு போனேன். அதே சைக்கிள் வன்னிக்கும் வந்தது. பிறகு முன்பள்ளி ஆசிரியையாக அதில்தான் போய்வந்தேன்.

2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் அம்மாவுக்கு நடக்க முடியவில்லை. அம்மாவைக் கரியரில் இருத்தி, என் இடுப்பைப் பிடிக்கச் சொல்லி, ஓடக்கூடிய இடத்தில் ஓடியும் மற்ற இடத்தில் உருட்டியும் இடம் இடமாகப் போனோம். கடைசியில் கடற்கரை மணலில் சில்லு புதைந்தது. மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தடிக்குப் போகுமுன் சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு அம்மாவைத் தோளில் தாங்கிக்கொண்டு போனேன். அம்மா அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தா. தன் கட்டிலில்தான் கண்மூடினா. அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவள் என்றே நினைக்கிறேன்.

மீளக்குடியேறியபோது ஒரு தொண்டு நிறுவனம் எனக்கொரு புதுச் சைக்கிள் தந்தது. ஏறி இருந்தேன். பெடலில் கால் வைத்ததும் இடுப்பில் கை இல்லை என்பது தெரிந்தது. அப்போது அம்மா உயிரோடு வீட்டுக்குள் இருக்கிறா. இருந்தும் எனக்குப் பின்னால் யாரோ விழுந்துவிட்டது போல நெஞ்சு பதறியது. இறங்கிவிட்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும் என்று அதைக் கொடுத்துவிட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் முழங்கால் வருத்தம் என்றேன். பதினைந்து வருடமாக அதையே சொல்லிக்கொண்டு, பஸ் வராத நாட்களில் ஐந்து கிலோமீற்றர் நடந்தேன். முழங்கால் வருத்தக்காரி இவ்வளவு நடக்கிறாளே என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் சனம் சில கேள்விகளைக் கேட்பதில்லை.

ஆற்றோரப் பாதை

சந்தையால் வந்தபின் தங்கையின் மகள் சைக்கிள் வாடகைக்கு எடுக்கப் போனாள். நானும் துணைக்குப் போனேன். கடையில் நின்றது நரைத்த தலையுடன் ஒரு பெண். கையெல்லாம் செயின் எண்ணெய். என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"பெரியம்மா, உங்களுக்கும் ஒண்டு வேணுமோ எண்டு கேக்கிறா. கடைசியா எப்ப ஓடினீங்கள் எண்டும் கேக்கிறா."

"எனக்கு முழங்கால் வருத்தமெண்டு சொல்லு, பிள்ளை."

பிள்ளை சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, மின்கலம் பூட்டிய ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். முழங்கால் வருத்தக்காரருக்கு இதுதான் நல்லதாம், பாதிப் பாரத்தை மோட்டார் இழுக்குமாம். என் பொய் என்னையே மடக்கிவிட்டது. அவள் குனிந்து என் கால் தரையில் முட்டுகிற அளவுக்கு ஆசனத்தைப் பதித்தாள். பிரேக்கைப் பிடித்துக் காட்டினாள். பின்பக்கம் கரியர் இருக்கிறதா என்று நான் முதலில் பார்த்தேன். இருந்தது.

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். அவள் 1998இலேயே வெளிநாடு போய்விட்டவள். அம்மாவைக் கொண்டுவந்த கதையைத் தொலைபேசியில் அரைகுறையாகக் கேட்டவள். "அக்கா, வேண்டாமெண்டால் விடுங்கோ" என்றாள் மெதுவாக. பிறகு, "எனக்கும் ஓட வராது. நான் பின்னால நடந்து வாறன்" என்றாள்.

ஆற்றோரத்தில் தட்டையான பாதை. அந்தப் பழைய ஏரியின் அடித்தரை. முதல் நூறு மீற்றர் உருட்டிக்கொண்டுதான் போனேன். பிறகு ஏறினேன். சைக்கிள் ஆடியது. இடுப்பில் கை இல்லை. நெஞ்சு அதேபோலப் பதறியது. பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் தங்கை தன் சப்பாத்துக் காலுடன் வேகவேகமாக வந்துகொண்டிருந்தாள். விழுந்தவர் ஒருவரும் இல்லை. மறுபடி ஏறினேன். இப்படி நாலைந்து தரம் நின்று நின்று திரும்பிப் பார்த்தேன். ஆறாம் தரம் திரும்பிப் பார்க்க மறந்துபோனேன். நினைவு வந்தபோது தங்கை வெகுதூரத்தில் ஒரு புள்ளியாக நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. ஆற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஓடிக்கொண்டேதான் அழுதேன்.

நாலு செக்கன்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தெருவை மூடிவிட்டார்கள். சனங்கள் பாயும் குடையும் சாப்பாடுமாக மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள், எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போவது போல. நாங்கள் மெல்ல மெல்ல நடந்து 20ஆம் வளைவு வரை போனோம். 21ஆம் வளைவில் கொப்பியின் பெயர், 20இல் சூட்டமெல்க்கின் பெயர். நான் பார்த்தவை ஆண்களின் பெயர்கள்தான்.

அதற்குக் காரணம் உண்டு. ஆண்களின் போட்டி 1903இல் தொடங்கியது. பெண்களுக்கு 1955இல் ஐந்து நாட் போட்டி ஒன்று நடந்து அதோடு நின்றது. 1984இல் ஆண்களின் போட்டியோடு சேர்த்துப் பெண்களுக்கும் ஆரம்பித்தார்கள். அமெரிக்கப் பெண் மரியான் மார்ட்டின் வென்றார். அந்த வருடம் ஆண்களில் வென்ற லொரான் பினியோனுக்கு ஓர் இலட்சம் டொலருக்கு மேல் கிடைத்தது. மரியானுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஆயிரம் டொலர். அதுவும் 1989உடன் நின்றது. வேறு பெயர்களில் சில காலம் நடந்து, சிறுத்து, மறைந்தது. 2022இல்தான் மறுபடி முறையாகத் தொடங்கினார்கள். அப்போதும் முதற் பரிசு ஐம்பதாயிரம் யூரோ. ஆண்களுக்கு ஐந்து இலட்சம். ஏற்றம் ஒன்றுதான், கூலி பத்தில் ஒன்று. தோட்டத்து வேலைக்குப் போகும் நாங்கள் இதைக் கேட்டு அதிசயப்பட மாட்டோம்.

அன்றைய ஓட்டம் 150 கிலோமீற்றர். கிளாந்தோன் என்ற பெரிய கணவாயைக் கடந்து இறங்கி வந்துதான் இந்த மலையில் ஏற வேண்டும். ஒல்லாந்தைச் சேர்ந்த டெமி வொல்லரிங் முந்திய வருடம் வென்றவர். இந்த முறை ஐந்தாம் கட்டத்தில் கீழே விழுந்து நேரத்தை இழந்துவிட்டார். கடைசி நாள் தொடங்கும்போது போலந்தைச் சேர்ந்த கசியா நியெவியாடோமா அவரைவிட 1 நிமிடம் 15 செக்கன் முன்னால் இருந்தார். கசியா முந்திய இரண்டு வருடமும் மூன்றாவதாக வந்தவர்.

முதலில் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிறகு சனங்களின் சத்தம் கீழிருந்து மேலே அலைபோல ஏறி வந்தது. டெமியும் இன்னொரு ஒல்லாந்துப் பெண்ணான பவுலினா ரோயாக்கர்சும் ஒன்றாக வந்தார்கள். என் கைக்கெட்டும் தூரம். வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. பின்னால் மஞ்சள் சட்டையுடன் கசியா. அவருடைய கண் தெருவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் சனங்கள் தொலைபேசிகளைச் சுற்றிக் கூடினார்கள். உச்சியில் டெமி முதலாவதாக வந்தார். கசியா 1 நிமிடம் 1 செக்கன் பிந்தி வந்தார். முதலாவதாக வந்தவருக்கு 10 செக்கன் சலுகை. தங்கையின் மகள் விரல்விட்டு எண்ணினாள். எழுபத்தைந்தில் அறுபத்தொன்று போனால் பதினாலு. பதினாலில் பத்துப் போனால் நாலு. ஏழு நாள், ஏறக்குறைய தொளாயிரத்து ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் கசியா வென்றது நாலு செக்கனால். ஆண்களின் போட்டியிலும் பெண்களின் போட்டியிலும் இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் யாரும் வென்றதில்லை. அதற்கு முந்திய குறைந்த வித்தியாசம் 1989இல் எட்டுச் செக்கன்.

நாங்கள் உடனே இறங்கவில்லை. அந்த மலையில் அதற்குப் பிறகும் வெகுநேரம் பெண்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். வெல்ல வாய்ப்பில்லாதவர்கள், முதல் நாட்களில் விழுந்து கையில் கட்டுப் போட்டவர்கள், ஒன்றும் இரண்டுமாக. முதலாவதாக வந்தவருக்குத் தட்டியதற்குக் குறையாமல் அவர்களுக்கும் சனங்கள் கைதட்டினார்கள். என் உள்ளங்கை சிவந்துவிட்டது. 2025இல் பிரான்ஸ் நாட்டுப் பெண்ணான போலின் ஃபெரான் பிரெவோ வென்றதாகப் பின்னர் பிள்ளை தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கோ அன்று கடைசியாக ஏறிப்போன பெண்ணின் முதுகுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெயர் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறுமுன் கடைக்காரப் பெண்ணிடம் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தோம். என் முழங்காலைக் காட்டி ஏதோ கேட்டாள். "முழங்கால் எப்பிடி எண்டு கேக்கிறா" என்றாள் பிள்ளை. "சுகமெண்டு சொல்லு" என்றேன். தங்கை மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். அன்று பஸ்ஸில், அந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கால் இறங்கும்போது, அம்மாவைக் கொண்டுவந்த கதையை முதலிலிருந்து கடைசிவரை தங்கைக்குச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஊருக்கு வந்தபின் சீட்டுக் காசில் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன். இரண்டு ரயரும் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது முன்பள்ளிக்கு அதில்தான் போய்வருகிறேன். இன்னமும் சில நாட்களில், ஒழுங்கை முடக்கில், நிறுத்தித் திரும்பிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு மறுபடி ஏறுவேன்.

உங்களிலும் யாராவது முழங்கால் வருத்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். சைக்கிளாக இருக்க வேண்டுமென்றில்லை. தையல் இயந்திரமாக இருக்கலாம், கடற்கரையாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம். அவசரமில்லை, தோழிகளே. முதலில் தட்டையான ஒரு பாதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்துவர ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.